பிட்டுமினைக் கரைத்து எடுப்பது எப்படி? கரைப்பான் கலவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் மணலோடு ஒட்டிக் கிடக்கும், தார் போன்ற கெட்டி எண்ணெயான பிட்டுமினை வெந்நீராலும் நீராவியாலும் எடுக்கிறார்கள். கூடவே கரைப்பான்களையும் பயன்படுத்தி, எடுக்கிற போக்கிலேயே எண்ணெயின் தரத்தை ஓரளவு உயர்த்தவும் பார்க்கிறார்கள். வேதிப் பொறியியல் மாணவர்களும், செய்தியில் ‘எண்ணெய் மணல்’ என்று படித்துவிட்டு மேலே தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். சூத்திரங்கள் கிடையாது, எண்கள் உண்டு.

எந்த எண்ணெயைப் பற்றிப் பேசுகிறோம்?

அதபாஸ்கா, கோல்ட் லேக், பீஸ் ரிவர் என்று ஆல்பர்ட்டாவில் மூன்று பெரிய படிவங்கள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 1,42,000 சதுர கிலோமீட்டர். இன்றைய தொழில்நுட்பத்தில் எடுக்கக்கூடியது என்று கணக்கில் வைத்திருப்பது சுமார் 16,500 கோடி பீப்பாய். இதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மேலிருந்து தோண்டி எடுக்க முடியும். மீதி ஆழத்தில் கிடக்கிறது, கிணறு போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நல்ல மணலில் எடைக்கு 10 முதல் 12 சதவீதம் பிட்டுமின் இருக்கும். ஒரு பீப்பாய் கிடைக்க சுமார் 2 டன் மணலைத் தோண்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிட்டுமினின் அடர்த்தி தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே. கந்தகம் 4 முதல் 5 சதவீதம். நிலத்தடி வெப்பநிலையில் அதபாஸ்கா பிட்டுமினின் பாகுத்தன்மை 10 லட்சம் சென்டிபாய்ஸைத் தாண்டும். தேன் சுமார் 10,000 என்று வைத்துக்கொண்டால், இது தேனைவிட நூறு மடங்கு கெட்டி. பம்பு வைத்து இழுத்தாலும் வராது.

சாலையில் போடும் தாரும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு. சாலைக்கு வருவது சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் மிச்சம். ஆல்பர்ட்டா பிட்டுமின் இயற்கையில் கிடைப்பது. பழங்காலத்து எண்ணெயின் இலேசான பகுதிகளை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்தபின் நின்றது. ஆனாலும் அதில் பாதியளவு இன்னும் வடிக்கக்கூடிய பகுதிதான். அதனால்தான் இவ்வளவு சிரமப்பட்டு எடுக்கிறார்கள்.

வெந்நீரும் நீராவியும் வேலை செய்கின்றனவே, கரைப்பான் எதற்கு?

1920களில் கார்ல் கிளார்க் என்ற வேதியியலாளர் ஆல்பர்ட்டாவில் வெந்நீர் முறையைச் சீராக்கினார். 1967இல் முதல் பெரிய சுரங்க ஆலையும், 1978இல் சின்க்ரூட் நிறுவனமும் அதே வழியில் உற்பத்தியைத் தொடங்கின. ஆழத்தில் இருப்பதற்கு ரோஜர் பட்லர் என்ற பொறியாளரின் யோசனை வழிகாட்டியது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைமட்டக் கிணறுகள். மேல் கிணற்றில் நீராவி போகும். உருகி ஒழுகும் எண்ணெயைக் கீழ்க் கிணறு வாங்கிக்கொள்ளும். துறையில் இதைச் ‘சாக்டி’ என்பார்கள்.

வேலை நடக்கிறது, ஆனால் செலவு? ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 2 முதல் 4 பீப்பாய் தண்ணீரைக் கொதிக்க வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். இதற்கு ஆயிரம் கன அடி அளவில் இயற்கை எரிவாயு எரிகிறது. அந்த வெப்பத்தில் பெரும் பகுதி பாறையையும் மணலையும் சூடாக்குவதிலேயே போய்விடும். சுரங்கப் பக்கத்திலோ களிமண் கலந்த கழிவுநீர்க் குளங்கள். 2008 ஏப்ரலில் சின்க்ரூடின் ஒரு குளத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் செத்தன, வழக்கு நடந்து அபராதமும் கட்டினார்கள்.

கரைப்பான் இருந்தால் அதே பாகுத்தன்மையைக் குறைந்த வெப்பத்தில், குறைந்த தண்ணீரில் இறக்கலாம். ஆசை அதுதான்.

எந்தெந்தக் கரைப்பான்கள்?

இரண்டு குடும்பங்கள். ஒன்று கார்பன் சங்கிலிகளான பாரஃபின் வகை: புரொப்பேன், பியூட்டேன், பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன். இன்னொன்று கார்பன் வளையம் கொண்ட அரோமாட்டிக் வகை: டொலுயீன், சைலீன். நாஃப்தா இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கலவை. இயற்கை எரிவாயுக் கிணறுகளோடு வரும் கண்டென்சேட் என்ற இலேசான திரவமும் கலவைதான், பெரும்பாலும் பென்டேனுக்கு மேற்பட்ட பாரஃபின்கள் அதில் இருக்கும்.

இந்த இரண்டு குடும்பங்களும் பிட்டுமினில் வேறு வேறு வேலை செய்கின்றன. பிட்டுமினின் கனமான பகுதிக்கு அஸ்ஃபால்டீன் என்று பெயர். வளையங்கள் அடுக்கிய பெரிய மூலக்கூறுகள். கந்தகம், நைட்ரஜனோடு வனேடியமும் நிக்கலும் இவற்றில் ஒட்டியிருக்கும். ஆய்வகத்தில் அஸ்ஃபால்டீனுக்கு வரையறையே கரைதிறன்தான்: டொலுயீனில் கரையும், ஹெப்டேனிலோ பென்டேனிலோ கரையாது. அதபாஸ்கா பிட்டுமினில் பென்டேன் கணக்குப்படி இது எடையில் 17 சதவீதத்தை ஒட்டி வரும்.

ஆக, டொலுயீன் ஊற்றினால் பிட்டுமின் முழுக்கக் கரையும். எல்லாம் கிடைக்கும், ஆனால் தரம் மாறாது. பென்டேன் நிறைய ஊற்றினால் அஸ்ஃபால்டீன் கீழே விழும். எண்ணெய் கொஞ்சம் குறையும், கிடைப்பது இலேசானது.

அப்படியானால் ஏன் கலவை? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதாதா?

கலவைக்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றும் தனித்தனி.

முதலாவது, எவ்வளவு அஸ்ஃபால்டீனை விட்டுவிடுவது என்பதை விகிதத்தால் கட்டுப்படுத்தலாம். பாரஃபினோடு கொஞ்சம் அரோமாட்டிக் சேர்த்தால் வீழ்படிவு குறையும், குறைத்தால் கூடும். பாரஃபின் சங்கிலி குட்டையாகக் குட்டையாக விழும் அளவு கூடும். புரொப்பேன் மிகக் கண்டிப்பானது, அஸ்ஃபால்டீனுக்கு அடுத்தபடி கனமான ரெசின்களையும் சேர்த்துத் தள்ளிவிடும். ஹெப்டேன் அவ்வளவு தள்ளாது.

இரண்டாவது, நிலத்தடி அழுத்தம். பியூட்டேனோ புரொப்பேனோ அடியில் ஆவியாக இருந்தால்தான் காலியான இடத்தைக் குறைந்த எடையில் நிரப்பும். படிவத்தின் அழுத்தம் அதன் ஆவி அழுத்தத்தைவிட அதிகமானால் திரவமாகி, எண்ணெய் போனபின் உண்டாகும் அந்தக் காலி அறை முழுவதையும் விலையுயர்ந்த கரைப்பானால் நிரப்ப வேண்டியிருக்கும். மீத்தேன் போன்ற திரவமாகாத வாயுவைக் கலந்தால் கரைப்பான் ஆவி நிலையிலேயே, பனிநிலைக்கு (ஆவி திரவமாகத் தொடங்கும் நிலை) பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது காரணத்தில் வேதியியல் எதுவும் இல்லை, வெறும் விலைதான். தூய ஹெக்சேனைவிடக் கண்டென்சேட் மலிவு, குழாயில் வருகிறது, எப்படியும் பிட்டுமினோடு கலந்து அனுப்பத் தேவைப்படுவது. ஆய்வுக் கட்டுரைகளில் இந்தக் காரணத்துக்கு இடம் குறைவு. களத்தில் பல முடிவுகளை எடுப்பது இதுதான் என்பது என் கருத்து.

நீராவியே இல்லாமல் கரைப்பானை மட்டும் அனுப்பலாமா?

இதற்கும் பட்லர்தான். கால்கரி பல்கலைக்கழகத்தில் இகோர் மோக்ரிஸோடு சேர்ந்து 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘வேப்பெக்ஸ்’ முறையை முன்வைத்தார். சாக்டி போலவே இரண்டு கிணறுகள், நீராவிக்குப் பதில் கரைப்பான் ஆவி. கொதிகலன் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். காகிதத்தில் அழகான திட்டம்.

களத்தில் அது மெதுவாகத்தான் நகர்ந்தது. காரணம் இயற்பியல். எண்ணெய் மணலில் வெப்பம் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், கரைப்பான் மூலக்கூறு கெட்டிப் பிட்டுமினுக்குள் ஊடுருவுவது ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவானது. கலப்பு நடக்கும் பரப்பு விரல் கனம்கூட இல்லாத ஒரு படலம். அதைத் தாண்டி உள்ளே இருப்பதற்குக் கரைப்பான் வந்திருப்பதே தெரியாது.

இதற்குத் தீர்வாக வந்தது என்சால்வ். கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக அனுப்பினால், அது பிட்டுமின் மேல் குளிர்ந்து திரவமாகும்போது வெப்பத்தையும் கொடுக்கும், கரைக்கவும் செய்யும். நீராவிக்கு வேண்டிய 200 டிகிரிக்குப் பதில் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே போதும். 2014இல் ஃபோர்ட் மெக்மர்ரி அருகே டோவர் களத்தில் பியூட்டேனை வைத்துச் சோதனை ஓடியது. ஒரு லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் எடுத்தார்கள், வந்ததும் அஸ்ஃபால்டீன் குறைந்த எண்ணெய்.

ஒரு வேடிக்கை: வேப்பெக்ஸுக்கு மீத்தேன் கலந்தால் நல்லது, என்சால்வுக்கு மீத்தேன் நஞ்சு. குளிரும் முகப்பில் திரவமாகாத வாயு சேர்ந்தால் அது போர்வையாக நின்று வெப்பத்தைத் தடுத்துவிடும். அதனால் திரும்ப வரும் பியூட்டேனை ஒவ்வொரு சுற்றிலும் சுத்தம் செய்தாக வேண்டும். ‘சிறந்த கரைப்பான் எது’ என்று தனியாகக் கேட்டால் பதில் இல்லை. எந்த முறைக்கு என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

நீராவியோடு கொஞ்சம் கரைப்பான் கலந்தால்?

இதுதான் இன்று வரை கைகொடுத்த வழி. கோல்ட் லேக்கில் இம்பீரியல் ஆயில் நிறுவனம், ஒரே கிணற்றில் நீராவியைச் செலுத்தி, ஊறவிட்டு, எண்ணெயை எடுக்கும் சுழற்சி முறையை ஏற்கெனவே நடத்தி வந்தது. அதில் ஏறக்குறைய 6 சதவீதம் கண்டென்சேட் சேர்க்கும் ‘லேசர்’ முறையை 2002இல் சோதித்து, 2007இல் வணிக அளவுக்குக் கொண்டுபோனது. என்கானா நிறுவனம் அதே காலத்தில் சாக்டி கிணறுகளில் பியூட்டேன் சேர்த்துப் பார்த்தது. ஆல்பர்ட்டா ஆராய்ச்சி மன்றத்தில் நாஸ்ர் குழுவினர் கொடுத்த விதி எளிமையானது: நீராவி எந்த வெப்பநிலையில் நீராகிறதோ அதற்குப் பக்கத்தில் திரவமாகும் கரைப்பானைத் தேர்ந்தெடு. அப்போது இரண்டும் அறையின் விளிம்பில் ஒன்றாக விழும், எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. சாக்டியின் வழக்கமான அழுத்தத்தில் ஹெக்சேன் இந்த விதிக்கு நன்றாகப் பொருந்தும்.

2024இல் கோல்ட் லேக்கின் கிராண்ட் ரேப்பிட்ஸ் படிவத்தில் நாளைக்கு 15,000 பீப்பாய் திட்ட அளவில் கரைப்பான் சேர்த்த சாக்டி தொடங்கியது. பசுங்குடில் வாயு ஒரு பீப்பாய்க்கு 40 சதவீதம் வரை குறையும் என்பது இம்பீரியலின் கணக்கு. தனது பழைய சுழற்சி நீராவி முறையோடு ஒப்பிட்டுச் சொல்வது அது, கவனித்துக்கொள்ளுங்கள்.

அஸ்ஃபால்டீன் நிலத்துக்குள்ளேயே விழுந்தால் மணலை அடைத்துக்கொள்ளாதா?

நியாயமான பயம். ஆனால் கால்கரி ஆய்வகச் சோதனைகளில் புரொப்பேன் அழுத்தத்தை ஆவி அழுத்தத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது அஸ்ஃபால்டீன் விழுந்தும் ஓட்டம் நிற்கவில்லை. மீதி எண்ணெய் அந்த அளவுக்கு இலேசாகிவிட்டது. விழுந்தது காலியான பகுதியில் தங்கியது. தொல்லை வருவது கிணற்றுச் சல்லடையிலும் பம்பிலும்தான். அங்கே படிந்தால் சைலீன் போன்ற அரோமாட்டிக்கை விட்டுக் கழுவுவது எண்ணெய்க் கிணறுகளில் பழைய வழக்கம்.

தோண்டி எடுத்த மணலில் கரைப்பானுக்கு என்ன வேலை?

வெந்நீரில் மணலைக் கலக்கியதும் பிட்டுமின் நுரையாக மேலே வரும். அந்த நுரையில் சுமார் 60 சதவீதம்தான் பிட்டுமின். 30 சதவீதம் தண்ணீர், மீதி களிமண்ணும் மணலும். அடர்த்தி தண்ணீரைப் போலவே இருப்பதால் தானாகப் பிரியாது. கரைப்பான் இல்லாமல் இந்த இடத்தைக் கடக்கவே முடியாது.

பழைய ஆலைகள் நாஃப்தா சேர்த்து மையவிலக்கியில் சுழற்றுகின்றன. பிட்டுமினுக்கு முக்கால் பங்கு நாஃப்தா இருந்தாலே போதும். அஸ்ஃபால்டீன் விழாது, பிட்டுமின் வீணாகாது. ஆனால் ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீரும் அரை சதவீதத்தை ஒட்டிய தூசும் தங்கிவிடும். இப்படிப்பட்ட பிட்டுமினை நீண்ட குழாயில் அனுப்ப முடியாது, அதை இலேசான எண்ணெயாக மாற்றும் மேம்படுத்தும் ஆலை பக்கத்திலேயே வேண்டும்.

2003இல் மஸ்கெக் ரிவர் சுரங்கத்தில் பாரஃபின் முறை வந்தது. 2013இல் கேர்ல், 2018இல் ஃபோர்ட் ஹில்ஸ் என்று தொடர்ந்தது. பிட்டுமினைப் போல இரு மடங்கு வரை பென்டேன், ஹெக்சேன் சேர்ப்பார்கள். அஸ்ஃபால்டீனில் பாதியளவு விழும்போது தண்ணீர்த் துளிகளையும் களிமண்ணையும் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கும். மேலே நிற்பது 0.1 சதவீதத்துக்கும் குறைவான நீரும் தூசும் கொண்ட சுத்தமான எண்ணெய். 100 கிலோ பிட்டுமினுக்கு 8 கிலோ போல கழிவுக்குப் போகும். அந்த 8 கிலோ நஷ்டமாகத் தெரியும், ஆனால் பல நூறு கோடி டாலர் மேம்படுத்தும் ஆலையைக் கட்டாமலே எண்ணெயைச் சந்தைக்கு அனுப்ப முடிகிறது. கேர்ல் அப்படித்தான் ஓடுகிறது.

தண்ணீரே வேண்டாம், மணலை நேரடியாகக் கரைப்பானில் கழுவக்கூடாதா?

கழுவலாம். அமெரிக்காவின் யூட்டா மாநில எண்ணெய் மணலுக்கு இந்த யோசனை அடிக்கடி வரும். அதபாஸ்கா மணல்துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருப்பதால் வெந்நீர் பிட்டுமினை எளிதில் பெயர்க்கிறது. யூட்டா மணலில் பிட்டுமின் துகள் மேலேயே ஒட்டியிருக்கும் என்பார்கள். தோடம்பழத் தோலிலிருந்து வரும் லிமோனீனைக் கொண்டு அங்கே ஒரு நிறுவனம் தொழில் தொடங்கியது, 2017இல் கடன்காரர்கள் கைக்குப் போனது.

பிட்டுமின் பிரிவதில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் அப்புறம் வருகிறது: கழுவிய மணலில் ஒட்டிய கரைப்பான். 2 டன் மணலை உலர்த்தி, அதிலிருந்து கடைசிச் சொட்டு வரை திரும்ப வாங்க வேண்டும். லிமோனீனின் கொதிநிலை 176 டிகிரி, மணலிலிருந்து விரட்டுவது பாடு. 81 டிகிரியில் கொதிக்கும் சைக்ளோஹெக்சேன் இந்த விஷயத்தில் மேல். அதனால்தான் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வுகளில் அது அடிக்கடி தலைகாட்டுகிறது. மிக நுண்ணிய களிமண் கரைசலோடு போய்விடுவது இன்னொரு தொல்லை.

போட்ட கரைப்பானில் எவ்வளவு திரும்ப வர வேண்டும்?

என்னைக் கேட்டால் இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். சுரங்க ஆலைகளுக்கு ஆல்பர்ட்டாவில் வைத்திருக்கும் வரம்பு, 1,000 பீப்பாய் பிட்டுமினுக்கு 4 பீப்பாய் கரைப்பானுக்கு மேல் இழக்கக்கூடாது என்பது. அந்த 4 பீப்பாயும் சும்மா இருப்பதில்லை. கழிவுக்குளத்துக்குள் போன நாஃப்தாவை நுண்ணுயிர்கள் தின்று மீத்தேனாக்குகின்றன. சில குளங்களின் மேற்பரப்பில் குமிழ்கள் வருவதற்கு இதுவே காரணம்.

நிலத்தடியில் கணக்கு இன்னும் கடினம். அறையின் காலியிடத்தில் ஆவியாகவும், விட்டுப்போன எண்ணெயில் கரைந்தும், பக்கத்துப் பாறை இடுக்கிலும் கரைப்பான் தங்கும். கடைசியில் அழுத்தத்தை இறக்கி எவ்வளவு உறிஞ்சி எடுக்கிறார்கள் என்பதில்தான் லாபமும் நஷ்டமும். கரைப்பான் எண்ணெயைவிட விலை கூடிய பொருள் என்பதை மறந்து எழுதப்பட்ட திட்ட அறிக்கைகளை நம்பாதீர்கள். ‘99 சதவீதம் மீட்பு’ என்று யாராவது சொன்னால், எத்தனை சுற்றுக்கு, எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

சுத்திகரிப்பு ஆலையில் இதே வேலையைச் செய்கிறார்களா?

நிலத்துக்கு மேலே இது பல பத்தாண்டுப் பழக்கம். மிச்ச எண்ணெயில் புரொப்பேன், பியூட்டேன் அல்லது பென்டேனைக் கலந்து அஸ்ஃபால்டீனை இறக்குவார்கள். கெர்-மெக்கீ நிறுவனம் 1970களில் கொண்டுவந்த ‘ரோஸ்’ முறை இதில் ஒரு நல்ல தந்திரம். கரைப்பானைக் கொதிக்க வைத்து ஆவியாக்காமல், மாறுநிலை வெப்பநிலைக்கு (அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது) மேலே சூடாக்குகிறார்கள். பியூட்டேனுக்கு அது 152 டிகிரி. அந்த நிலையில் அதன் கரைக்கும் சக்தி சரிந்து எண்ணெய் தானே பிரிந்துவிடும். ஆவியாக்கும் வெப்பம் மிச்சம்.

அஸ்ஃபால்டீனை நீக்கினால் உலோகங்கள் பெருமளவு போய்விடும். கந்தகம் எண்ணெய் முழுக்கப் பரவியிருப்பதால் அவ்வளவாகக் குறையாது, அதற்கு ஹைட்ரஜன் வேண்டும். இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் சொல்வதில்லை.

விழுந்த அஸ்ஃபால்டீனை என்ன செய்வது? ஆல்பர்ட்டாவின் லாங் லேக் திட்டம் அதை வாயுவாக்கி, நீராவிக்கான எரிபொருளையும் ஹைட்ரஜனையும் தானே தயாரிக்க நினைத்தது. யோசனை சரி, இயந்திரம் சிக்கல் மேல் சிக்கல். 2016 ஜனவரியில் அங்கே கனமான எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு உடைக்கும் ஹைட்ரோகிராக்கர் பகுதியில் நடந்த வெடிப்பில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், மேம்படுத்தும் பகுதி நின்றுபோனது.

குழாயில் அனுப்பக் கலக்கும் ‘டைல்யூவென்ட்’ இதுதானா?

பொருள் ஒன்று, நோக்கம் வேறு. சுமார் 70 பங்கு பிட்டுமினுக்கு 30 பங்கு கண்டென்சேட் கலந்து ஓட வைக்கிறார்கள், இதை ‘டில்பிட்’ என்பார்கள். 2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகனில் குழாய் உடைந்து சுமார் 20,000 பீப்பாய் கலமசூ ஆற்றுக்குப் போனபோது, இலேசான பகுதி ஆவியாகி, மீதி மண்ணோடு சேர்ந்து ஆற்றடியில் படிந்தது. மிதக்கும் எண்ணெயை அள்ளும் கருவிகள் அதற்கு உதவவில்லை. ஆற்றடியைத் தூர்வார வேண்டி வந்தது.

இந்தியாவில் இதற்கு இடம் உண்டா?

ஆல்பர்ட்டா அளவில் படிவம் இல்லை. குஜராத்தின் மெக்சானா பகுதியில் பாலோல், சந்தால் வயல்களின் கெட்டி எண்ணெயை நிலத்தடியிலேயே ஒரு பகுதியை எரித்து நகர்த்துகிறது ஓ.என்.ஜி.சி. ராஜஸ்தானின் பாகேவாலாவில் ஆயில் இந்தியா நீராவி செலுத்தி எடுக்கிறது. கரைப்பானால் அஸ்ஃபால்டீன் நீக்குவதைப் பார்க்க வேண்டுமானால் சென்னை மணலியே போதும். அங்குள்ள சுத்திகரிப்பு ஆலையில் மசகு எண்ணெய்க்காகப் புரொப்பேன் கொண்டு மிச்ச எண்ணெயைப் பிரிக்கும் பிரிவு உண்டு.

கல்லூரி ஆய்வகத்தில் சின்னதாகச் செய்து பார்க்கலாமா?

ஆவியை வெளியே இழுக்கும் ‘ஃபியூம் ஹூட்’ பெட்டிக்குள், தீப்பொறி எதுவும் இல்லாத இடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் செய்யலாம். டொலுயீனும் ஹெப்டேனும் எளிதில் தீப்பிடிக்கும், சாக்கடையில் ஊற்றக்கூடாது. சாலைப் பிட்டுமினைக் கொஞ்சம் டொலுயீனில் கரைத்துக்கொள்ளுங்கள். ஹெப்டேனைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஒரு துளியை வடிதாளில் வையுங்கள். முதலில் ஒரே நிறத்தில் பரவும். ஏதோ ஒரு விகிதத்தில் நடுவில் கருவளையம் தெரியும், அஸ்ஃபால்டீன் விழத் தொடங்கிய இடம் அது. அந்த விகிதத்தைக் குறித்துக்கொண்டு, ஹெப்டேனுக்குப் பதில் ஹெக்சேன் வைத்துத் திரும்பச் செய்து ஒப்பிடுங்கள்.